மீன்கொத்தியின் வலப்பக்கம்

ஒற்றை ஊசியோடு ஆலங்குடிக்கு வந்தவன் எட்டு எந்திரம் ஓடும் தையற்கடை வைத்தேன். தண்ணீர் கிடைக்காது என்று எல்லாரும் கைவிட்ட தரையில் கிணறு வெட்டி முந்திரித்தோப்பு ஆக்கினேன். நாலாம் வகுப்பைத் தாண்டாத நான் பிள்ளைகள் மூவரையும் காலேஜில் படிக்கவைத்தேன். இவை ஊரறிந்தவை. ஊரறியாத ஒன்றும் உண்டு. அதை ஒன்பது வயதில், படுத்த படுக்கையில் கிடந்து செய்தேன்.

ஐம்பதுகளின் தொடக்கம். முந்திரிமரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்து, மூங்கில் ‘பத்தை’ வைத்துக் கட்டியிருந்தது. "அசையப்படாது. போட்ட வெதையத் தோண்டித் தோண்டிப் பாத்தா மொளைக்குமா?" என்று வைத்தியர் சொல்லிப் போனார். அப்பா இல்லை. அம்மா விடிந்ததும் கடலை உடைக்கப் போய்விடுவார். கூட்டாளிகள் நாலு நாள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அவர்களுடைய சத்தம் மட்டும் தெருவில் கேட்டது. ஓட்டு இடுக்கில் விழும் வெயில் சுவரில் ஊர்வதைப் பார்த்துக்கொண்டே பகல் முழுக்கக் கிடப்பேன்.

அப்படிக் கிடந்த ஒருநாள் பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா அழுதுகொண்டு வந்தார். ஊர்த் தையல் வகுப்பில் பொருட்காட்சிக்காக ஆறு மீன்கொத்திகள் செய்துகொண்டிருந்தார்கள். நீலமும் செங்காவியுமாகப் பூத்தையல் போட்டு, வெட்டி, இரு பக்கத்தையும் இணைத்துப் பஞ்சடைத்தால் பறவை எழுந்து நிற்கும். வயிற்றில் குண்டூசி குத்தலாம், இறக்கைக்கடியில் ‘அங்குஸ்தான்’ என்ற விரல்தொப்பியை வைக்கலாம், பின்னால் சின்னக் கத்தரிக்கோலைச் செருகினால் அதன் வளையங்களே வாலாகிவிடும். பறவை வடிவில் வெட்டிய அட்டையை வைத்துத் துணியில் படம் வரைந்தது அக்கா. அட்டையைத் திருப்பிப் போடாமல் பன்னிரண்டையும் இடப்பக்கமாகவே வரைந்துவிட்டார். பிள்ளைகள் தைத்து முடித்ததை இணைப்பதற்கு வீட்டுக்குக் கொண்டுவந்து ஜோடி சேர்த்தபோதுதான், ஒன்றின் அலகு இன்னொன்றின் வாலில் முட்டியது.

"டீச்சருக்குத் தெரிஞ்சா வகுப்பவிட்டே வெரட்டிருவாங்கடா."

"வலப்பக்கம் ஆறு மட்டும் புதுசாப் போட்டாப் போதும்ல? நான் போடுறேன்."

"நீயா? ஒனக்குச் சட்டைக்குப் பொத்தான் வைக்கத் தெரியுமாடா?"

"நூலைக் குடுத்துட்டுப் பேசுங்க. தெனமும் வந்து கொஞ்ச நேரம் எங்கூட இருக்கணும். டீச்சர்ட்ட எம்பேரைச் சொல்லணும்."

"சத்தியமாச் சொல்றேன்டா."

யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தைத்த துணியைப் புரட்டி, நூல் போன வழியைக் கண்ணால் பிடித்துக்கொண்டேன். பத்தே நாளில் ஆறும் முடிந்தன. இணைத்து நிறுத்தியபோது எந்தப் பக்கம் என்னுடையது என்று அக்காவே தடுமாறினார். மிஞ்சிய இடப்பக்கங்களை அடுப்பில் போட்டார். அந்தப் பத்து நாளும் சாயங்காலமானால் வந்து உட்கார்ந்து வகுப்புக் கதையெல்லாம் சொல்வார். அந்தப் பேச்சுக்காகவே பகலை ஓட்டினேன். ஆறாவது பறவையைக் கொண்டுபோன மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. வாசலில் நிழல் தட்டும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்து, கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

பத்தையை அவிழ்த்ததும் அம்மாவை நச்சரித்துப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். பொருட்காட்சியில் கண்ணாடிப்பெட்டி சுவரோடு சுவராக இருந்தது. ஆறு பறவைகளும் இடப்பக்கம் காட்டி நின்றன. என் தையல் சுவரைப் பார்த்திருந்தது.

"யாருடி இந்த நொண்டி?" என்று அக்காவோடு நின்ற ஒருத்தி கேட்டாள்.

"பக்கத்து வீட்டுப் பய."

நான் கிட்டப் போய், "ஒண்ணையாச்சும் திருப்பி வைக்கச் சொல்லுங்கக்கா" என்றேன்.

"சும்மா இருடா. டீச்சர் அங்கிட்டுத்தான் நிக்கிறாங்க."

ஓரமாக ஒதுங்கினேன். அவ்வளவு கூட்டத்தில் அன்றைக்கு நின்றதுபோல, ஆளில்லாத வீட்டில்கூட நான் தனியாகக் கிடந்ததில்லை.

அக்கா கல்யாணமாகிப் போய், இப்போது உயிரோடு இல்லை. டீச்சரும் இல்லை. வகுப்பு நடந்த வீட்டில் செல்போன் கடை. ஐந்து பறவைகள் எங்கே போயினவோ. டீச்சர் வீட்டில் மிஞ்சிய ஒன்றைப் படம்பிடித்து, பழைய மாணவிகள் போட்ட நினைவு மலரில் ‘மாணவியர் கைவண்ணம்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அதிலும் இடப்பக்கம்தான். அக்காவை இனி யாரும் விரட்டப்போவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

மலரை மறுபடி அச்சிடுகிறவர்கள் அந்தப் பறவையை ஒருமுறை திருப்பிவைத்துப் படமெடுக்க வேண்டும். இடப்பக்கம் அவர்களுடையது, அதில் நான் பங்கு கேட்கவில்லை. வலப்பக்கத்தின் கீழே ‘தைத்தவன் சின்னையா’ என்று போடுங்கள்.