மலர்விழியின் எலிச் செல்கள்

இன்று காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸில் கல்லூரித் தோழி மலர்விழியைப் பார்த்தேன். பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாள்.

"எலியோட தோல் செல்லைத் தட்டுல வளக்குறோம்டி. மருந்து குடுத்தா அதுக்கு வயசாகுறது தள்ளிப்போகுது" என்றாள்.

படிப்பு முடிந்ததும் அவளோடு எனக்கும் அங்கே இடம் கிடைத்தது. கல்யாணம் முடிவானதால் நான் போகவில்லை.

"எலி எளமையா இருந்து யாருக்கு என்னடி லாபம்?" என்றேன். என் குரலில் இருந்த பொறாமை எனக்கே கேட்டது.

அவள் கோபப்படவில்லை.

"மருந்து குடுக்காத செல்லு பெருகாம நின்னுபோச்சு. குடுத்தது இன்னும் பெருகுது. அதப் பாத்தன்னைக்கு ஒன்னயத்தான் நெனச்சேன். எனக்கு மைக்ராஸ்கோப் பாக்கக் கத்துக்குடுத்ததே நீதான?"

அதைக் கேட்டதும் பொறாமை இன்னும் கூடிவிட்டது.

இறங்கும்போதுதான் கவனித்தேன், அவளுக்கு என்னைவிட நரை அதிகம். வீடு வரும்வரை சந்தோஷமாக இருந்தது.

நான் மட்டும்தான் இப்படியா, நீங்களுமா?