முத்துக்கனி அளந்த கட்டி

தோவாளையில் பூ வியாபாரம் செய்த முத்துக்கனி, 1951 ஆடி மாதம் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வயது முப்பத்தாறு. இரண்டு பெண் பிள்ளைகள். இடது மார்பில் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கட்டி. மேல்தோல் நாரத்தங்காய்த் தோல்போலக் குழிகுழியாக இருந்தது. அசைத்துப் பார்த்தேன், கட்டி நெஞ்சுக்கூட்டோடு ஒட்டிப்போயிருந்தது. அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. பெண்கள் வார்டில் அப்போது எனக்குப் பன்னிரண்டு வருட வேலை. இந்த நிலையில் வருகிறவர்கள் எத்தனை மாதம் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

"ஏன் இத்தனை நாள் வரல?" என்று கேட்டேன்.

"பங்குனித் திருவிழா, அதுக்குப் பொறவு விஷு, அதுக்குப் பொறவு கல்யாண மாசம். நான் இங்க வந்து படுத்தா பூவ ஆரு பாப்பா?"

மறுநாள் மயக்க ஊசி போட்டு, பரிசோதனைக்குச் சதைத்துண்டு எடுத்தோம். அவள் தூக்கத்தில் இருக்கும்போது உடம்பைத் துடைத்தேன். இடுப்பில் ஒரு கயிறு. அதில் கற்றையாக வாழைநார் கோத்திருந்தது, ஒவ்வொரு நாரிலும் முடிச்சு. ஆபரேஷனுக்கு வருகிறவர்களிடம் தாயத்து, மந்திரித்த கயிறு எதையும் விட்டுவைக்கக் கூடாது என்பது எங்கள் ஆஸ்பத்திரிச் சட்டம். கிருமி ஒரு காரணம். நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள் என்பது இன்னொரு காரணம், அதை மறைப்பதற்கில்லை. கத்தரிக்கோலால் அறுத்து, சீழ்த்துணி வாளியில் போட்டேன்.

கண் விழித்ததும் அவள் கை நேராக இடுப்புக்குப் போனது.

"சிஸ்டரு, என் நாரு எங்க?"

"குப்பைக்குப் போயாச்சு. இங்க மந்திரக் கயிறெல்லாம் கட்டக் கூடாது."

"எந்த மந்திரவாதி எனக்கு வாழைநாருல மந்திரிச்சான்? அது என் கட்டிக்க அளவு. ஆறு மாசமா அளந்து வச்சிருக்கேன். அறுக்கதுக்கு முன்ன கேக்கப்படாதா? நீங்கல்லாம் படிச்சவியதானே?"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் போர்வைக்குள் சிரித்தாள். சிரிக்கத்தான் செய்வாள்.

அளவு என்ற சொல்தான் என்னைப் பிடித்து இழுத்தது. குப்பையை எரிக்கும் குழிக்கு ஓடினேன். நல்லவேளை, தோட்டி இன்னும் தீ வைக்கவில்லை. குச்சியால் கிளறி எடுத்து, கார்பாலிக் தண்ணீரில் அலசினேன். நாலு இடத்தில் சீழ்க்கறை. ஆனால் கயிற்றில் கோத்த வரிசை கலையவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் கட்டியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நாரை வைத்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டிருக்கிறாள். நாள் முழுக்க மாலையை முழம் போடுகிறவளுக்கு அளப்பது கைப்பழக்கம். கட்டி வளர்கிறதா என்று பார்க்கத்தான் தொடங்கினாளாம். சில நாரில் மட்டும் நடுவில் இன்னொரு முடிச்சு இருந்தது.

"இது என்ன?"

"நான் தூரமான வாரம். அந்த அஞ்சு நாளும் பூவத் தொட மாட்டேன், கோயிலுக்குப் போற பூவுல்லா. சும்மா இருக்கப்பட்ட வாரம்னு ஒரு அடையாளம்."

டாக்டர் யூஜின் அதிகம் பேசாத மனிதர். நாரையெல்லாம் மேசையில் வரிசையாகப் பரப்பி, ஸ்கேல் வைத்து அளந்து, எண்களை என்னை எழுதச் சொன்னார். ஆறு மாதத்தில் கட்டி வளர்ந்திருந்தது. ஆனால் ஒரே சீராக அல்ல. தூரமாவதற்கு முந்தின வாரம் நீளும். தூரமாகி முடிந்த வாரம் கால் அங்குலம் குறையும். பிறகு முன்னைவிடக் கூடுதலாக நீளும். ஒரு மாதம்கூடத் தப்பவில்லை.

"மார்பே மாதாமாதம் வீங்கி வடிவதுண்டு," என்றார் டாக்டர். "ஆனால் இவள் கட்டியை மட்டும் அளந்திருக்கிறாள். கட்டி சினைப்பையின் பேச்சைக் கேட்கிறது, சிஸ்டர்."

சதைத்துண்டுப் பரிசோதனையும் புற்றுநோய் என்றே சொன்னது. விஷயம் இதுதான். சினைப்பையில் ஊறும் ஹார்மோன் ரத்தத்தின் வழியாக மார்புக்குப் போகிறது. மாதாமாதம் மார்பு கனப்பது அதனால். சில பெண்களின் புற்றுநோய் அந்த ஹார்மோனை உண்டுதான் வளர்கிறது. சினைப்பைகளை எடுத்துவிட்டால் கட்டி பட்டினி கிடக்கும். எல்லோருக்கும் கேட்காது, மூன்று பேரில் ஒருத்திக்குக் கேட்டால் உண்டு. டாக்டர் அதற்குமுன் இரண்டு பேருக்குச் செய்திருந்தார். ஒருத்திக்குக் கட்டி கரைந்தது. மற்றவளை அடக்கம் பண்ணினோம். யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்ல அன்று வழியில்லை. இன்று கட்டியிலிருந்தே துண்டு எடுத்து, அது ஹார்மோனுக்கு இணங்குகிறதா என்று பார்க்கிறார்கள். மார்புத் திசுவுக்குள் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்றுகூட அளக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ரத்தத்தில் இருப்பதைவிட மார்புத் திசுவில் பல மடங்கு இருக்குமாம். எங்களிடம் இருந்தது இருபத்து நாலு வாழைநார்.

ஆபரேஷனுக்குப் புருஷன் கையெழுத்து வேண்டும். அவள் புருஷன் கோலப்பன் தன் தாய் தாணம்மாளோடு வந்து நின்றான்.

"நோவு மாருல. கத்தி வயித்துலயா?" என்றான். "கால்ல முள்ளு குத்துனா தலைய மொட்டையடிப்பியளா?"

தாணம்மாள் சுருக்கமாகச் சொன்னாள். "இன்னும் ஆம்பிளப் பிள்ள பெறாத வயிறு. அதத் தொட விடமாட்டோம்."

"ஆம்பிளப் பிள்ளதான் வேணும்னா ஒங்க மவனுக்கு வேற ஒருத்தியப் பாருங்க," என்றாள் முத்துக்கனி. "இருக்கப்பட்ட ரெண்டுக்கும் தாய் வேணும்லா. நான் வேற ஆஸ்பத்திரிக்கும் போக மாட்டேன், நாட்டு வைத்தியருக்க எண்ணெயும் தேய்க்க மாட்டேன். நான் இருக்கணும். அவ்வளவுதான்."

டாக்டர் விளக்க வாயெடுத்தார். அவள் கையமர்த்திவிட்டு, நார்க்கற்றையைப் புருஷன் முன்னால் கட்டிலில் போட்டாள்.

"அவரு சொல்ல வேண்டாம். நீங்க மாலைக்காரருதானே? அளந்து பாருங்க. நடுவுல முடிச்சு உள்ளது நான் தூரமான வாரம்."

கோலப்பன் ஒவ்வொரு நாராக எடுத்து விரலில் வைத்து அளந்தான். முதலில் அலட்சியமாக. மூன்றாம் மாதத்து நாருக்கு வந்தபோது முதலிலிருந்து மறுபடியும் அளந்தான். கடைசியில் நடுமுடிச்சுப் போட்ட ஆறு நாரையும் தனியே எடுத்து வைத்து, தாயைப் பார்த்தான்.

"எம்மா, நீ கொஞ்சம் வெளிய இரி."

கையெழுத்துப் போட்டான்.

ஆவணி முதல் வாரம் சினைப்பைகளை எடுத்தோம். பத்தாம் நாள் தையல் பிரித்தேன். கட்டியில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம் வாரமும் இல்லை. மூன்றாம் வெள்ளிக்கிழமை ஸ்கேல் கால் அங்குலம் குறைத்துக் காட்டியது. நம்பாமல் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் அளந்தார். அவருக்கும் அதே அளவு. அதற்குப் பிறகு கட்டி ஏறவே இல்லை. புரட்டாசி முடிவில் பாதியாயிற்று. தோலின் குழிகள் நிரவின. ஐப்பசியில் ஒரு காலை கட்டியின்மேல் கை வைத்தேன். என் விரலோடு அது நகர்ந்தது. நெஞ்சுக்கூட்டை விட்டுவிட்டது. வராந்தாவில் ஓடக் கூடாது என்று நர்ஸ் பிள்ளைகளைத் திட்டுகிற நான், அன்று ஓடினேன்.

நகர்கிற கட்டியை வெட்டி எடுக்கலாம். கார்த்திகையில் மார்பையும் அக்குள் நெறிகளையும் முழுதாக எடுத்தோம். கை தூக்கப் பயிற்சி கொடுத்தேன். வலிக்கிறது என்று என்னைக் கண்டபடி ஏசிக்கொண்டே செய்தாள். சினைப்பை போனதால் உடம்பு திடீர் திடீரென்று அனலாகும். "சித்திர வெயிலு எனக்கு மட்டும் தனியா அடிக்கி," என்று ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்வாள். இன்னொன்றும் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"சிஸ்டரு, இனி எனக்குத் தூரம் கெடையாதுல்லா?"

"கிடையாது."

"அப்போ மாசம் முப்பது நாளும் பூ தொடலாம். வருசத்துக்கு ரெண்டு மாசம் சும்மா கெடச்சிருக்கு."

அந்த இரண்டு மாதத்தை அவள் வீணாக்கவில்லை. மூன்றே வருடத்தில் சந்தையின் முன்வரிசையில் இடம் பிடித்தாள். பரிசோதனைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சொன்ன தேதியில் வந்துவிடுவாள். பிச்சிப்பூ ஒரு பந்து வார்டுக்குக் கொண்டுவருவாள்.

1956 நவம்பரில் ஐந்தாம் வருடப் பரிசோதனை. அந்தத் தேதியில் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் ஆயிற்று. தேதி தவறாதவள் வரவில்லை என்றால் நான் என்ன நினைப்பேன்? நோய் எலும்புக்கோ ஈரலுக்கோ போயிருக்கும். டாக்டரும் அதைத்தான் நினைத்தார். பையில் கட்டுத்துணியும் வலிக்கு ஊசியும் எடுத்துக்கொண்டு தோவாளைக்குப் பஸ் ஏறினேன்.

சந்தையில் இறங்கும்போதே குரல் கேட்டது. அரளிக் குவியலுக்கு நடுவே நின்று ஒரு திருவனந்தபுரம் வியாபாரியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, பரிசோதனைக்கு ஏன் வரல?"

"எங்க வர? ஒண்ணாந்தேதி நம்ம மாவட்டம் சென்னை ராஜ்யத்தோட சேந்துதுல்லா, அன்னையிலேருந்து ஊர்வலமும் மீட்டிங்கும். மால கட்டி மாளல. கார்த்திகை வேற."

கோலப்பனைக் கூப்பிட்டு ஒரு பாயை மறைப்பாகப் பிடிக்கச் சொன்னாள். பூச்சாக்கின்மேல் அவளை உட்காரவைத்துப் பார்த்தேன். தழும்பு சுத்தம். இரண்டு அக்குளும் சுத்தம். மற்ற மார்பில் ஒன்றுமில்லை. ஈரல் தட்டுப்படவில்லை. முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக அழுத்தினேன், வலி இல்லை. அவசரப்படாமல் இன்னொரு முறை முதலிலிருந்து பார்த்தேன்.

"என்ன சிஸ்டரு, மறுபடியும் தடவுதிய?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமே இல்ல."

"அது எனக்குத் தெரியும். அஞ்சு வருசம் ஆயிட்டுன்னு டாக்டருகிட்ட நீங்களே சொல்லிருங்க." ரவிக்கையைப் பூட்டிக்கொண்டே எழுந்தாள். "அடுத்த தேதிய நல்ல ஆடி மாசமாப் பாத்துப் போடச் சொல்லுங்க. அப்போ பூவுக்கு விலையில்ல. இப்போ கொஞ்சம் நகருங்க, லாரி வருது."

நகர்ந்தேன்.