எடை குறைந்தவர் எங்கள் அக்கா

வாகரையில் மீன்பிடித்தும் சிறு துண்டு வயல் செய்தும் பிழைத்த குடும்பத்தில் அக்கா மூத்த பிள்ளை. போரில் அப்பாவை இழந்தோம். அம்மா நோயில் விழுந்தார். எனக்கும் தம்பிமார் இருவருக்கும் அதன்பின் சோறு போட்டவர் அக்காதான்.

அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. "நீங்க தின்னுங்கடா, நான் மறுகா தின்னுறன்" என்பார். பிறகு என்று அவர் சொல்லும் அந்த 'மறுகா' எப்போது வருகிறது என்று பார்க்கக் குசினிக்குள் எட்டிப் பார்ப்பேன். அதற்குள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். பின்னாளில் அவர் தாதியானார். நாங்களும் உழைக்கத் தொடங்கினோம். வயிறார உண்ணும்படி எவ்வளவோ வற்புறுத்தினோம். இரண்டு பிடிக்கு மேல் இறங்கவில்லை. காற்றடித்தால் பறந்துவிடுவீர்கள் என்று பகிடி பண்ணுவோம். அந்தப் பகிடியை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு அக்கா வைத்தியசாலையே கதியென்று கிடந்தார். சேற்றுத் தண்ணீர் நெஞ்சுக்குள் போன ஒரு சிறுமியை அவசரமாகக் கொழும்புக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வீதியோ மழையில் உடைந்து கிடந்தது. நிவாரண மருந்து கொண்டுவந்த சிறு விமானமொன்று அன்று திரும்பவிருந்தது. சிறுமியோடு பாரம் குறைந்த ஒருவர் மட்டும் ஏறலாம் என்றார் விமானி. தாதிமார் ஒவ்வொருவராகத் தராசில் ஏறி நின்றார்கள். அக்காவுக்குத்தான் குறைவாகக் காட்டியது.

நான் சோற்றுப் பார்சலோடு விமானத்தடிக்கு ஓடினேன். "பசியோட போகாதீங்க அக்கா" என்று நீட்டினேன்.

"பாரம் கூடிரும்டா. வந்து மறுகா தின்னுறன்" என்று சிரித்து, பார்சலை என் கையிலேயே திணித்துவிட்டு ஏறினார்.

விமானம் எழும்பிப் பக்கத்திலிருந்த வாவிக்கு மேலே போனது. சத்தம் மாறியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீரில் விழுந்தது. வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் தோணிகளை விரட்டிப் போய் மூவரையும் கரைசேர்த்தார்கள். சிறுமிக்கு உயிர் இருந்தது. விமானிக்கும் அக்காவுக்கும் இல்லை. "மிஸி புள்ளய இறுக்கிப் பிடிச்சபடியே இரிந்தா" என்று தாதியான அக்காவைச் சொல்லி ஒரு தோணிக்காரர் அழுதார்.

ஓர் உயிரைக் காத்துவிட்டுப் போன புண்ணியவதி என்று உங்களில் பலர் ஆறுதல் சொன்னீர்கள். எனக்கு ஆறவில்லை. எங்களுக்குப் போட்டுப் போட்டுத் தேய்ந்த உடம்பு அது. அந்தத் தேய்வுதான் அவரை அந்த விமானத்தில் ஏற்றியது.

அக்காவை வாவியில் விட்டுவிடாமல் எங்களிடம் கொண்டுவந்து தந்த தோணிக்காரருக்கும், உடன் வேலை செய்தவர்களுக்கும், செத்தவீட்டில் தோள் கொடுத்த உறவினர் அயலவர்க்கும், மகளை அழைத்துக்கொண்டு எங்களைப் பார்க்க வந்த அந்தத் தாய்க்கும் எங்கள் நன்றி.

ஓராண்டு நிறைவில் செய்யும் ஆட்டைத் திவசப் படையலில் இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைப்பது நம் வழக்கம். என்னென்ன வாங்குவது என்று பேச உட்கார்ந்தபோது நாங்கள் திகைத்துப்போனோம்.

"கத்தரிக்காய்க் கறி எண்டு நினைக்கன்" என்றான் சின்னத்தம்பி.

"அது உனக்குப் பிடிக்குமெண்டு ஆக்கினவ" என்றான் மற்றவன்.

இம்முறை எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிறோம். இதை வாசிக்கும் உங்களில் யாராவது, எங்கேயாவது, அக்கா ஒன்றை ஆசையாகச் சாப்பிட்டதைக் கண்டிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அதைச் சமைக்கிறோம்.