எங்கள் கிணறு வேண்டாமென்று சொன்னது யார்

அரச கந்தோரிலிருந்து கூப்பிட்டு யோசனை கேட்கிறார்கள் என்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். எங்கள் தெரு ஒழுங்கையைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனபோதுகூட என்னிடம் யாரும் கேட்கவில்லை. இப்போது என்னவென்றால், வயலுக்கு அடிக்கிற மருந்து கிணற்றுத் தண்ணீரில் இறங்குகிறதா, அதனால்தான் பெண்களுக்குப் பிள்ளை தங்காமல் போகிறதா என்று ஆராயப் போகிறார்களாம். அதை எப்படிச் செய்யலாம் என்று தோப்பூர் மாதர் சங்கத்திடம் கேட்க வேண்டுமாம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான் என்று நினைத்துக்கொண்டே சங்கத்துக்காக நான் திருகோணமலைக்கு பஸ் ஏறினேன்.

போகாமல் இருக்கவும் ஏலாது. என் மகளுக்கு இரண்டு தரம் பிள்ளை தங்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை எங்கள் வீட்டோடு வந்திருப்பவர். மூன்று பேரும் ஒரே கிணற்றில்தான் குடிக்கிறோம். கிணற்றைத் தாண்டினால் வேலி, வேலியைத் தாண்டினால் வயல். மாப்பிள்ளைக்கு ஊரார் வயல்களில் கூலிக்கு மருந்தடிக்கிற வேலை. ஊரில் பாதிப்பேர் தண்ணீரில்தான் பிழை என்றார்கள். மீதிப்பேர், மாப்பிள்ளையின் தாய் உட்பட, பிழை என் மகளிடம் என்றார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கூட்டத்தில் ஆளுக்கொரு போத்தல் தண்ணீர் வைத்திருந்தார்கள். கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசக் கூடியவர்களுக்குக் கடைத் தண்ணீர்! நான் என் போத்தலைத் தொடவே இல்லை. ஆராய்ச்சிக்குப் பொறுப்பான லேடி டொக்டர் நிதானமாக விளக்கினார். இன்னும் எதுவும் முடிவாகவில்லை, இது திட்டம் மட்டும்தான். எந்தக் கிணறுகள், எந்தப் பெண்கள், ஒப்பிட்டுப் பார்க்க வயல் இல்லாத எந்த ஊர் என்றெல்லாம் எங்களோடு பேசித்தான் தீர்மானிப்பார்களாம்.

"கண்டுபிடிச்சதை எங்களுக்குச் சொல்லுவீங்களா, இல்லாட்டிக் கொழும்போட முடிஞ்சிருமா?" என்று கேட்டேன்.

"அவங்கவங்கட முடிவை அவங்கவங்களுக்குச் சொல்லுவம். திட்டத்திலயே அப்படி எழுதப் போறம்" என்றார்.

இவ்வளவு சுளுவாக ஒத்துக்கொண்டதும் என் சந்தேகம் இன்னும் கூடியது. தேத்தண்ணி குடிக்க எழும்பியபோது அவரைப் பிடித்துக்கொண்டேன். "எங்கட கிணறு வயலோட ஒட்டினது. முதல்ல அதை எடுங்க."

அவர் கொஞ்சம் தயங்கினார். "உங்கட வீட்டில கிணறும் வேண்டாம், ஆளும் வேண்டாமெண்டு, விருப்பம் கேட்டு வந்த உங்கட ஊர் மிட்வைஃப் மிஸ்ஸிட்டச் சொல்லியிருக்காங்களே."

"ஆர் சொன்னது?"

"அதை நான் சொல்லக்கூடாதம்மா."

இதற்குச் சாத்திரம் பார்க்கவா வேண்டும்? மருந்தடிக்கிறவர்தான் சொல்லியிருப்பார். தண்ணீரில் மருந்து இருக்கிறதென்று வந்தால் அவர் பிழைப்பில் மண் விழும். பஸ் கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூரைப் பிடிப்பதற்குள் நான் அவரை விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டேன். அவர் அதிகம் பேசாததைக் குணம் என்று நினைத்திருந்தேன், இப்போது அது கள்ளமாகத் தெரிந்தது. வயலால் வந்ததும் கிணற்றடியில் நின்று தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாரே, அதுகூட.

வீட்டில் அவர் இல்லை. மகள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "உன்ட புருசன் ஏன் வேண்டாமெண்டு சொன்னவர்?" என்று பாய்ந்தேன்.

"அவரில்ல உம்மா. நான்தான் சொன்னனான்."

எனக்கு விளங்கவில்லை. அவள் துருவுவதை நிறுத்தவுமில்லை. "இப்ப பாதிப்பேராவது தண்ணியெண்டு சொல்றாங்க. சோதிச்சுப் பாத்து, தண்ணி நல்லமெண்டு வந்தா? பிறகு மிச்சம் நான்தானே."

உலகத்தையே சந்தேகப்படுகிற நான் இதை நினைத்துப் பார்க்கவில்லை. ஊரின் சந்தேகத்தில் பாதி கிணற்றின் மேல் விழுந்ததால்தான் என் பிள்ளை இவ்வளவு காலமும் தலைநிமிர்ந்து நடந்திருக்கிறாள். அதையும் பறிக்கத்தான் நான் பஸ் ஏறிப் போயிருக்கிறேன்.

ஆனால் "மிச்சம் நான்தானே" என்றாளே, அதுதான் என்னை விடவில்லை. தண்ணீர், அவள், அவ்வளவுதானா? அந்த மருந்துத் தாங்கியை முதுகில் சுமக்கிறவரை ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

அடுத்த கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன். "மருந்தடிக்கிற ஆம்பிளையளையும் சோதிக்க வேணும். பிள்ளை பொம்பிளைக்கு மட்டுமா?" கூட்டத்துக்கு வந்திருந்த வயல்காரர்கள், கமக்காரர் சங்கத்து ஆட்கள், கூரையைப் பார்த்தார்கள். டொக்டர் மட்டும் என்னைப் பார்த்தார். "அது முதல் திட்டத்தில இருந்தது. ஆம்பிளையள் வரமாட்டாங்களெண்டு எடுத்துப்போட்டம்."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"இல்லை."

"அப்ப நான் கேக்கிறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்வது சுகம். மாமியார் மருமகனிடம் கேட்கிற கேள்வியா இது? கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டால் என் மகளின் வாழ்க்கை அத்தோடு சரி.

மறுநாள் மத்தியானம் அவர் குளித்துவிட்டுச் சாப்பிட வந்து பாயில் இருந்தார். கேட்டேன். அவர் முகம் சுருங்கியது.

"அப்ப மாமி என்னையும் சந்தேகப்படுறீங்களா?"

"ஓம் மகன்" என்றேன். "அவளை ஊரே சந்தேகப்படுது. அதில உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்."

எழும்பிப் போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். எழும்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பாயைப் பார்த்துத்தான் பேசினார்.

"எனக்கும் என்மேல அந்தச் சந்தேகம் இருந்தது மாமி. முதல் பிள்ளை போன நாளிலயே இருந்தது. என்ட உம்மா இவளை ஏசின நேரமெல்லாம் இருந்தது."

மகள் அவருக்குச் சோறு போட்டு எடுத்து வந்த பீங்கானைக் கையில் பிடித்தபடியே நின்றாள். கீழே வைக்கவில்லை.