மிஸ்ஸியின் சைக்கிளுக்குப் புதுச் சங்கிலி

வெள்ளைக்கார அரசு காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு மோதிய அவசரகாலத்தில், ரந்தாவ் பக்கம் சிதறிக் கிடந்த எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். அந்த வேலிக்குள்தான் நான் புதுப்பெண்ணாகக் குடித்தனம் தொடங்கினேன். என் வீட்டுக்காரர் ரப்பர் ஸ்டோரில் இயந்திரம் பார்ப்பவர். தோட்டத்தில் யாருடைய சைக்கிள் கெட்டாலும் அவரிடம்தான் வரும்.

வந்தவர்களில் ஒருத்தி மட்டும் பெண். தோட்டத்து ஆஸ்பத்திரித் தாதி, மிஸ்ஸி என்போம். சிரம்பானில் படித்த கிறிஸ்துவப் பெண், என் வயதுதான் இருக்கும். வேலிக்கு வெளியே ஆஸ்பத்திரி வீட்டில் குடியிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்க எங்கும் சைக்கிளிலேயே போய்வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து நேரே எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, மிதிச்சா கரகரங்குது. மேட்டுல செயின் கழண்டு விழுந்துடுது."

அவர் சங்கிலியை விரலால் இழுத்துப் பார்த்தார். "செயின் நீண்டுபோச்சு மிஸ்ஸி. புதுசுதான் போடணும்."

தன் சைக்கிளுக்கென்று வாங்கி வைத்திருந்த புதுச் சங்கிலியை உள்ளேயிருந்து எடுத்து வந்தார். அவள் வாசல் பலகையில் உட்கார்ந்து நான் போட்ட கோப்பியைக் குடித்தாள். அவர் ஒவ்வொரு கண்ணியாகத் துடைத்து மாட்டினார். என் தாலிச் சங்கிலியின் கொக்கி விட்டுப்போய் நான் அதை நூலால் கட்டியிருந்தேன். அது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் வந்தாள். "சத்தம் போயிடுச்சுண்ணே. ஆனா அழுத்தி மிதிச்சா செயின் பல்லு மேல ஏறிக் குதிக்குது. நேத்து ஊரடங்கு நேரம் நெருங்கிடுச்சு, தள்ளிக்கிட்டே ஓடினேன்."

"பின்சக்கரத்துப் பல்லும் தேஞ்சிருக்கு. பழைய செயினோட சேர்ந்து தேஞ்சது, புதுசு அதுல உக்காராது. ரந்தாவ்ல வாங்கியாறேன். அடுத்த ஞாயிறு வாங்க."

அடுத்த ஞாயிறு என்பது மட்டும்தான் என் காதில் நின்றது. அவள் போனதும் கேட்டேன். "போன வாரமே பல்லைப் பாக்கலியா?"

"பாத்தேன். கொஞ்ச நாள் ஓடும்னு நெனச்சேன்."

"ஓடாதுன்னு தெரிஞ்சுதான் போட்டீங்களோ என்னவோ."

அவர் கையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினார்.

மூன்றாவது ஞாயிறு பின்பல்லை மாற்றினார். அதைக் கழற்ற ஸ்டோரில் தனியாக ஒரு திருகுசாவியே அடித்து வந்திருந்தார். அவள் ஏதோ சொல்ல, வேலை செய்துகொண்டே சிரித்தார். பிறகு பெடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முன்னால பெடல்கிட்ட இருக்கிற பல்சக்கரமும் கொக்கி மாதிரி வளைஞ்சு கெடக்கு. இதையும் மாத்தினாத்தான் தீரும்" என்றார்.

"கழட்டிக் குடுங்க. நானே போய் வாங்கியாறேன்" என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அன்று அவள் சைக்கிளை எங்களிடம் விட்டுவிட்டு நடந்து போனாள்.

பழைய பல்சக்கரத்தைப் பையில் போட்டுக்கொண்டு ரந்தாவ் போகும் லோரிக்குப் போனேன். வேலிக் கேட்டில் சோதனை. காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி கடத்துகிறேனா என்று சோதனைக்காரப் பெண் என் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தாள். பையிலிருந்த இரும்பைப் புரட்டி, "யாரோடது இது?" என்றாள்.

"மிஸ்ஸியோடது."

"மிஸ்ஸியோடதா? சரி, போங்க போங்க."

கலைந்த கொண்டையோடு லோரியில் ஏறினேன். அந்தக் கேட்டில் மிஸ்ஸி தலையை அசைத்துவிட்டு சைக்கிளை விட்டு இறங்காமலே போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் என் வீட்டுக்காரருக்குப் பெரிய பங்கில்லை என்று ரந்தாவ் போய்ச் சேர்வதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. சீனர் கடை முதலாளி, தவுக்கே, பழையதன்மேல் புதியதை வைத்து அளவு பார்த்துக் கொடுத்தார்.

ஞாயிறன்று அவர் அதையும் மாட்டி முடித்தார். அவள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தை ஒரு சுற்று சுற்றிவந்தாள். சங்கிலி குதிக்கவில்லை. "அலைஞ்சது நீங்கதான்க்கா. ஏறிப் பாக்கிறீங்களா?" என்றாள்.

"சேலை சிக்கும்" என்றார் அவர்.

"சிக்கினா சிக்கட்டும்" என்று முந்தானையை இழுத்துச் செருகினேன்.

அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தாள். கையை விட்டதும் நேராகக் கால்வாயில் போய் விழுந்தேன். அவள் என் முழங்காலைப் பார்க்க ஓடிவந்தாள். அவர் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி பெடலைச் சுற்றினார். "செயின் கழலலை" என்றார் திருப்தியாக. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டது அவள்தான்.

அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். சைக்கிளில் ஒரு கோளாறும் இல்லை. என் முழங்கால் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி என்னை ஏற்றினாள். அன்று விழாமல் வேலி வரைக்கும் போய்த் திரும்பினேன். பிறகு அவள் சைக்கிளை வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள். செம்மண் சாலை வளைவில் ரப்பர் மரங்கள் அவளை மறைக்கும்வரை, வயிற்றெரிச்சல் கொஞ்சமும் குறையாமல், கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன்.