நாமக்கோழிகளைப் பார்க்கப் போன ஞாயிறு

கொல்கத்தாவில் வளர்ந்த எங்களுக்குத் தமிழ் என்பது கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற மொழி. மினிபஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் குரங்குக் குல்லாயைப் பற்றியோ, மீன்காரர் நிறுவையில் காட்டும் கைவேலையைப் பற்றியோ, அவர்கள் முகத்துக்கு நேரேயே பேசிக்கொள்ளலாம். அம்மா இதில் கைதேர்ந்தவள். முகத்தில் சிரிப்பு மாறாமல் எதிராளியை வெளுத்து வாங்குவாள். யாருக்கும் ஒரு அட்சரம் புரியாது என்பதில் எங்கள் வீட்டில் எவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அப்பாவுக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ் வேலை. சொந்த ஊர் நாகர்கோவில். ஆனால் வங்காளிகளுக்குத் தமிழர் என்றாலே வேலூர்க்காரர்தான். வைத்தியத்துக்கு வேலூர் போய்வராத குடும்பம் எங்கள் குவார்ட்டர்ஸில் குறைவு. யாருக்கு எந்த நோய் வந்தாலும் எக்ஸ்ரே உறையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அப்பா வேலூரில் கால் வைத்ததே கிடையாது. இருந்தும், எந்த மாதிரி லாட்ஜில் சமைத்துக்கொள்ள விடுவார்கள், காட்பாடியில் இறங்கி எப்படிப் போவது என்றெல்லாம் சொல்லிச் சொல்லி, நிஜமாகவே வேலூர்க்காரர் ஆகிவிட்டிருந்தார்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், காளி பூஜை முடிந்து குளிர் மெல்ல எட்டிப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மூவரும் பறவை பார்க்கக் கிளம்பினோம். ஹவுராவிலிருந்து கட்வா லோக்கலில் பூர்பஸ்தலி, அங்கிருந்து வேன் ரிக்‌ஷா. கங்கை எப்போதோ வழி மாறிப் போனபோது விட்டுவிட்டுப் போன வளைவு அங்கே ஏரியாகக் கிடந்தது. பனி விழத் தொடங்கியதும் வடக்கே எங்கிருந்தோ வாத்துகள் அதில் வந்து இறங்கும் என்று அப்பாவின் ஆபீஸில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

படகோட்டி ஒல்லியான மனிதர். லுங்கியின் மேல் பழுப்பு ஸ்வெட்டர். நான் அவரைக் காக்கு என்று கூப்பிட்டேன். வங்காளத்தில் சித்தப்பா வயதில் இருப்பவர் எல்லாரும் பிள்ளைகளுக்குக் காக்குதான். அவர் படகின் பின்னால் நின்று மூங்கில் கழியை ஊன்றித் தள்ளிய வேகத்தில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. "ஓய் தேக்கோ, மா", அதோ பாரம்மா என்று ஒரு பக்கம் காட்டுவார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆகாயத்தாமரைதான் மிச்சமிருக்கும். நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்புப் பறவைகள் மட்டும் கூட்டமாக நீந்தியதால் தப்பாமல் கண்ணில் பட்டன.

"நாமக்கோழி, மக்ளே. நம்ம ஊர்க் குளத்துலயும் கெடக்கும். எல்லாம் வைஷ்ணவக் கோழியாக்கும்" என்றார் அப்பா. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

தமிழைக் கேட்டதும் கழி நின்றது. "பேலோரா, தாதா?" என்றார் காக்கு. வேலூரைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள்; தாதா என்றால் அண்ணன். அப்பா வழக்கம்போல மறுக்கவில்லை.

காக்குவின் மனைவிக்கு வயிற்றில் கட்டி. வேலூரில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தாள். இரண்டு மாதம் இவரும் கூடவே இருந்திருக்கிறார். பறவை வருகிற இந்தச் சில மாதங்கள்தான் அவர்களுக்கு வருஷச் சோறு என்பதால், மச்சினனைத் துணைக்கு வைத்துவிட்டுத் திரும்பியிருந்தார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மச்சினன் போனை எடுக்கவில்லை. வார்டுக்கு அடித்தால், சிஸ்டருக்கு இவருடைய ஹிந்தி பிடிபடவில்லை, சிஸ்டரின் வேகமான தமிழ் இவருக்குப் பிடிபடவில்லை. கரையில் சிக்னல் கிடையாது, நடு ஏரியில்தான் கிடைக்கும். எங்களை அவ்வளவு வேகமாக அவர் தள்ளிக்கொண்டு வந்தது அதற்காகத்தான்.

அப்பா அவருடைய போனை வாங்கி, அவள் பெயரையும் கட்டில் நம்பரையும் சொன்னார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "எப்பம் போயிட்டாங்க, சிஸ்டர்?" என்றார். "அவங்க தம்பி அங்கதான இருக்காரு? சரி. சரிங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தபோது அப்பாவின் முகம் மாறவில்லை. டாக்டர் இன்னும் வரவில்லையாம், மத்தியானம் கூப்பிடச் சொல்கிறார்கள் என்று தன்னுடைய ஓட்டை வங்காளியில் சொன்னார். பிறகு, ஏதோ புளிசாதத்தை எடு என்று சொல்கிற குரலில் அம்மாவிடம் சொன்னார்: "விடியக்காலம் போயிட்டாங்களாம், பாவம். தண்ணிக்கு நடுவுல வச்சுச் சொல்லப்பிடாது. கரைல அவரு ஆளுவ இருப்பாங்க, அங்க வச்சுச் சொல்லுவோம். மக்ளே, நீ வாயத் தெறந்துராத."

"அச்சா, தாதா" என்றார் காக்கு.

எங்கள் மூவரில் வங்காளி நன்றாகப் பேசுகிறவள் நான்தான். ஒரு வாக்கியம் போதும், அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். அந்த ஒரு வாக்கியத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு வாய்க்குள் வைத்திருந்தேன். படகில் அவர் ஒருவருக்குத்தான் எதுவும் தெரியாது என்று நினைத்தேன். அம்மா முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

காக்கு படகைத் திருப்பினார். கரைக்கு அல்ல, நாணல் அடர்ந்த எதிர்ப்பக்கத்துக்கு. இப்போது கழியை ஓசையே இல்லாமல் ஊன்றினார். மிதக்கும் இலைகள் மேல் விரல் விரித்து நடந்த இலைக்கோழியைக் காட்டினார். சீழ்க்கையடித்துக்கொண்டு எழும்பிய சிறகி வாத்துகளைக் காட்டினார். கடைசியில் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மோவாயை ஒரு விரலால் பிடித்துத் திருப்பினார். செம்மண் நிறத் தலையும் சிவந்த மூக்குமாக ஒரு பெரிய வாத்துக் கூட்டம். ராங்காமுடி என்றார். மலைகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன, முதலில் வந்து இறங்கும்போது இரண்டு நாள் தூங்கிக்கொண்டே மிதக்கும் என்றார். அவருடைய விரல் சில்லென்று இருந்தது.

அப்பா இரண்டு தடவை போகலாமே என்று சொல்லிப் பார்த்தார். "ஆர் எக்டு, தாதா" என்றார் அவர். இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். சொன்னால் வெட்கமாக இருக்கிறது, அந்த வாத்துகளைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்ச நேரம் எல்லாமே மறந்துபோயிற்று.

கரையில் அவருடைய அண்ணன் வேறு இரண்டு படகுக்காரர்களோடு பீடி குடித்துக்கொண்டிருந்தார். அப்பா முதலில் இறங்கினார். காக்கு கயிற்றை முளையில் கட்டி முடிக்கும்வரை காத்திருந்து, தோளில் கைவைத்து, வங்காளி வார்த்தைகளைத் தேடத் தொடங்கினார்.

காக்கு நிமிராமலே தமிழில் சொன்னார். "போயிட்டாங்க."

அப்புறம் வங்காளியில், அந்த வார்த்தை தனக்குத் தெரியும் என்றார். வார்டில் பக்கத்துக் கட்டில் காலியாகும் போதெல்லாம் கேட்டிருக்கிறாராம். அப்பாவின் கை அவர் தோளிலேயே இருந்தது. அம்மா ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன்காரர் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தார்.

திரும்பி வரும் லோக்கலில், பேண்டல் ஸ்டேஷன் தாண்டியபோது நான் கேட்டேன், தெரிந்தும் ஏன் அவ்வளவு நேரம் பறவை காட்டினார் என்று. "ஒனக்காவத்தான்" என்றாள் அம்மா. பல வருஷம் அதையே நம்பினேன். பிள்ளை ஆசையாக வந்திருக்கிறதே என்று தன் துக்கத்தை அடக்கிக்கொண்ட நல்ல மனிதர் என்று தோழிகளிடமும் சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, "போயிட்டாங்க" என்ற போன் எனக்குத்தான் வந்தது. அப்பா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அடுக்களைக்குப் போய் இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ரயில் கூட்டத்தைப் பற்றியும் எதிர்வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியும் பேசினேன். அவர் மெதுவாக ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடிக்கும்வரை அம்மா இருந்தாள்.