சுண்டலின் கூண்டில் நடுங்கிய தண்ணீர்

கிண்ணத்தில் தண்ணீர் நடுங்கியது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

கிண்ணம் இருந்தது எங்கள் நாய் சுண்டலின் கூண்டுக்குள். சுண்டல் இருந்தது கட்டிலுக்கு அடியில்.

(இந்த நாய் வளர்ப்போர் குரூப்பில் எல்லோருக்கும் லைக் மட்டும் போட்டுவிட்டு ஓடிவிடுகிற ஆள் நான். இதுதான் முதல் பதிவு. தப்பு இருந்தால் திட்டாதீர்கள்.)

எங்கள் ஊர் அரியலூர் பக்கம். வாசலைத் தாண்டினால் சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோடு. பத்தாவதோடு நின்ற நான் டவுனில் டெய்லர் கடையில் சேர்ந்த பிறகு பகலில் வீட்டில் ஆள் இல்லை. சுண்டல் லாரிக்கு முன்னால் ஓட ஆரம்பித்தது. அதனால் அப்பா வெல்டிங் பட்டறையில் சொல்லி இரும்புக் கூண்டு செய்து வாங்கினார்.

முதலில் அதற்குப் பிடித்துத்தான் இருந்தது. கதவைத் திறந்தால் தானாகவே போய்ப் படுத்துக்கொள்ளும்.

பகலில் அதில் பூட்டிவிட்டுப் போக ஆரம்பித்ததும் திடீரென்று மாறிவிட்டது. கூண்டைப் பார்த்தாலே உடம்பு உதறும். தூக்கி உள்ளே விட்டால் கம்பியைக் கடிக்கும். ஒருநாள் சாயங்காலம் வந்து பார்த்தால் வாயெல்லாம் ரத்தம்.

அப்பா சொல்லிவிட்டார்.

"உள்ள இருக்க மாட்டேங்குது, வெளிய வுட்டா லாரில மாட்டும். மாமா சனிக்கெழம வராரு. தா.பழூருக்குப் புடிச்சிட்டுப் போயி வயல்ல மோட்டார் கொட்டாயில கட்டிக்கட்டும்."

நான் சுண்டலின் வாயை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். (யாரிடமும் வாய் திறந்து கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.)

மறுநாள் கடைக்கு லீவு. கூண்டு வந்த பிறகு அன்றுதான் மதியம் வீட்டில் இருந்தேன். பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சைரன் ஊதியது. பிறகு வெடி. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், எங்கள் காதில் அது விழுவதே இல்லை.

அப்போதுதான் தண்ணீர் நடுங்கியது. கூடவே கூண்டின் தரையில் போட்டிருந்த தகரம் கடகடவென்று அதிர்ந்தது. வெடி நின்ற பிறகும் அது உடனே நிற்கவில்லை.

தினமும் மதியம் சுண்டல் அந்தத் தகரத்தின் மேல்தான் கிடந்திருக்கிறது. தனியாக.

பட்டறை வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். வெல்டிங் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்னா பாப்பா, யாரு வேணும்?"

"கூண்டு..."

"ஒடஞ்சிருச்சா?"

"இல்லண்ணே. ஆடுது."

"ஆடுனா தொட்டில்னு நெனச்சுக்கச் சொல்லு."

சிரித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். வெடி, தகரம், மாமா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"கழுவ ஈஸியா இருக்கும்னு நாந்தான் தகரத்தச் சும்மா போட்டு வுட்டேன். வா, பாப்போம்."

வந்தார். தகரத்தை உருவிவிட்டு ஒரு பலகையை வெட்டி இறுக்கமாகப் பொருத்தினார். கூண்டின் கால்களுக்குக் கீழே பழைய லாரி ட்யூப்பை மடித்து வைத்தார்.

"அப்பாட்ட சொல்றேண்ணே, நீங்கதான் சரி பண்ணீங்கன்னு."

"சொல்லிடாத. என்னையும் தா.பழூருக்கு அனுப்பிடப் போறாரு."

டெய்லர் கடை அக்காவிடமும், வீட்டில் இருந்தே தைக்கட்டுமா என்று வாய் திறந்து கேட்டேன். சனிக்கிழமை வரை ஹூக் தைக்கிற வேலையை வீட்டுக்கே கொடுத்துவிட்டார்.

மீதியை இந்தக் குரூப்பில் படித்துத்தான் செய்தேன். உள்ளே தள்ளாதீங்க, கதவை மூடாதீங்க, சோறு மட்டும் வைங்க என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். முதலில் கூண்டு வாசலில் வைத்தேன். பிறகு கொஞ்சம் உள்ளே. சுண்டல் உடம்பை வெளியே வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டிச் சாப்பிட்டது. (ஒட்டகச்சிவிங்கி தோற்றுவிடும்.) அப்புறம் முன்னங்கால். அப்புறம் வால்.

சனிக்கிழமை மாமா வந்தார். கையில் புது நைலான் கயிறு.

சுண்டல் கூண்டுக்குள் சாக்கின் மேல் படுத்திருந்தது. கதவை மெதுவாகச் சாத்தினேன். சைரன் ஊதியது. வெடித்தது.

சுண்டல் காதைத் தூக்கியது. என்னைப் பார்த்தது. தலையை மறுபடி காலின் மேல் வைத்துக்கொண்டது.

"என்னா மச்சான், இதுக்கா என்ன வரச் சொன்னீங்க? விருந்துக்கு வந்த மாப்ள கணக்காப் படுத்திருக்கான்."

அப்பா கூண்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

"சரி, இங்கயே கெடக்கட்டும்."

சோறு வைக்கச் சொன்ன அக்கா, உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. உங்களுக்கும், வெல்டிங் அண்ணனுக்கும், கடை அக்காவுக்கும் ரொம்ப நன்றி.

மாமா கயிற்றை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதை முருங்கை மரத்துக்கும் ஜன்னல் கம்பிக்கும் இழுத்துக் கட்டி, சுண்டலின் மாற்றுச் சாக்கை அலசிக் காயப் போட்டேன்.